நிறுவல் கேட்ட பேராசிரியரும் வாசலில் நின்ற மாணவியும்

ஒருவரை நல்லாசிரியர் என்று போற்றும்போது யாருடைய சாட்சியத்தைக் கேட்டுப் போற்றுகிறோம்? அவரிடம் படித்து மேலே வந்தவர்களுடைய சாட்சியத்தைத்தான். அவர்கள் பாராட்டு விழாக்களிற் பேசுகிறார்கள். நினைவு மலர்களில் எழுதுகிறார்கள். தம் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்கிறார்கள். அதே ஆசிரியரின் வகுப்பறை வாசல்வரை வந்து, உள்ளே விடப்படாமல் திரும்பிப்போன ஒருவர் இருப்பாரானால், அவருடைய சொல் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. அவர் படிக்கவில்லையே, அவருக்கு என்ன தெரியும் என்று இருந்துவிடுகிறோம். அவருக்கும் அந்த ஆசிரியரைப்பற்றி ஒன்று தெரியும். உள்ளே இருந்தவர்களிற் பலர் அறியாத ஒன்று அது.

இக்கேள்வியை வெறுங்கேள்வியாக வைத்துப் பேசுவதிலும் பார்க்க, உண்மையில் நடந்த ஒன்றை வைத்து ஆராய்வது நன்று. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துத் தலைநகர் ஓஸ்ரின். அங்குள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை, நாற்பத்தொன்பது ஆண்டுகள், கணிதம் கற்பித்தவர் பேராசிரியர் றொபேட் லீ மூர். 1882இல் டலஸ் நகரிற் பிறந்த அவர் ஓய்வு பெறும்போது வயது 86. அதுவும் தாமாக விரும்பிப் பெற்ற ஓய்வன்று. அவருடைய மேற்பார்வையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் ஐம்பது பேர். அவர்களில் மூவர் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களாயினர்; அவரும் 1937, 1938ஆம் ஆண்டுகளில் அப்பதவியை வகித்தவர். கணித ஆசிரியர்களிடையே இன்றும் ‘மூர் முறை’ என்றொரு கற்பித்தல் முறை பேசப்படுகிறது. தம் பெயரால் ஒரு கற்பித்தல் முறையே வழங்கும் பேறு எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கிறது?

அந்த முறை என்னவென்று முதலிற் பார்ப்போம். மூர் விரிவுரை செய்வதில்லை, பாடநூலும் வைப்பதில்லை. சில வரைவிலக்கணங்களையும், சில வெளிப்படையுண்மைகளையும் கரும்பலகையில் எழுதுவார். அவற்றிலிருந்து பிறக்கும் தேற்றங்களைக் கூறி, நிறுவிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். நூலகத்திற்குப்போய்த் தேடக்கூடாது. ஒருவரோடொருவர் பேசி விடைகாணவும் கூடாது. அந்தப் பாடத்தை வேறிடத்தில் முன்னரே படித்தவர் என்று தெரிந்தால் அவரை வகுப்பிற் சேர்க்கமாட்டார். ஒன்றும் அறியாதவர்களே அவருக்கு வேண்டும்.

அடுத்த வகுப்பில் ஒருவரைக் கூப்பிடுவார். பெரும்பாலும் வகுப்பில் மிகப் பின்தங்கியவரையே முதலில் அழைப்பார். அவரால் முடியாவிட்டால் அவருக்கு அடுத்தவர். எழுந்து வருபவர் வெண்கட்டியை எடுத்துத் தம் நிறுவலை எழுதுவார். எங்காவது ஓர் ஓட்டை இருந்தால் மற்ற மாணாக்கர் பிடிப்பார்கள். அவர்கள் பிடிக்காவிட்டால் மூர் ஒரு கேள்வி கேட்பார். அதன்பின் அமைதி. விடையை அவர் சொல்லமாட்டார். ஒரு தேற்றம் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், அப்படியே நிற்கும். தானே கண்டுபிடிக்க விரும்பும் மாணாக்கர், இன்னொருவர் எழுத வரும்போது வகுப்பைவிட்டு வெளியே போய் நிற்கவும் அனுமதி உண்டு. பிறருடைய விடையைக் கேளாமல் இருப்பதற்காக வகுப்புக்கு வெளியே நிற்பவர்களை வேறெங்கு காணலாம்!

அந்த வகைக் கணக்கு ஒன்றை இங்கே தருகிறோம்; கணிதத்தை மறந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு நேர்கோட்டில் சில புள்ளிகளைக் குறித்திருக்கிறோம். 0 என்ற இடத்தைச் சுற்றி எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும், அதற்குள் நாம் குறித்த புள்ளிகளில் 0 அல்லாத ஒன்றேனும் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் புள்ளிகள் அப்படிப்பட்டவை. இப்போது கேள்வி: அந்தத் துண்டுக்குள் ஒன்றல்ல, எண்ணற்ற புள்ளிகள் இருந்தே ஆகவேண்டும் என்று நிறுவுக. பார்த்தவுடன் ‘அது தெரிந்ததுதானே’ என்று தோன்றும். தெரிந்ததை நிறுவிக் காட்டு என்றால் நா தடுமாறும். ஓர் இரவு முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைக்கு விடியற்காலையில் ஒன்று தோன்றலாம். எண்ணக்கூடிய அளவு புள்ளிகள்தாம் உண்டென்றால், அவற்றுள் 0க்கு மிகக் கிட்டியது ஒன்று இருக்கும். அதையும் வெளியே விடும்படி இன்னும் சிறிய துண்டை எடுத்தால் உள்ளே ஒன்றும் இராது. ஆனால் ஒன்றேனும் இருக்கும் என்றல்லவா முதலிற் சொன்னோம்! அவ்வளவுதான் நிறுவல். ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. தானே கண்ட பிள்ளைக்கோ அது ஆயுட்காலச் சொத்து. நம் வீடுகளிலும், பிள்ளை ஒரு கணக்கில் ஐந்து நிமிடம் தயங்கினால் பொறுக்கமாட்டாமல் செய்துகாட்டிவிடும் பெற்றோர் பலர். மூர் அவர்கள் பொறுத்திருந்தார். அந்தப் பொறுமையே அவருடைய கலை.

அந்தக் கலையின் பயனை அவருடைய மாணாக்கர் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். றேமண்ட் வைல்டர் என்பவர் காப்புறுதித் துறைக்கான கணக்கியலைப் படிக்கவே ரெக்சாஸ் வந்தார். மூர் அவரைச் சேர்க்கத் தயங்கினார். சேர்ந்தபின், மற்றவர்களால் அவிழ்க்க முடியாதிருந்த ஒரு முடிச்சை வைல்டர் அவிழ்த்துவிட, அதையே கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாக எழுதும்படி மூர் கூறினார். 1923இல் பட்டம் கிடைத்தது. பட்டம் பெறும் எண்ணமே இல்லாமல் வந்தவர் அவர்.

பிங் என்பவருடைய கதை இன்னும் சுவையானது. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். கோடை விடுமுறைகளில் வந்து படித்தவர். 1945இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே, பலரைத் திணறடித்த ஒரு பெரிய வினாவுக்கு விடை கண்டார். பெயரறியாத ஒருவர் இதைச் செய்திருக்கிறாரே, தரமான கணிதவியலாளர் யாரேனும் இந்த நிறுவலைச் சரிபார்த்தார்களா என்று வெளியூரிலிருந்து மூருக்குத் தந்தி வந்ததாம். ஆம், பிங் சரிபார்த்திருக்கிறார் என்று மூர் பதில் அனுப்பினாராம். ஒரு மாணாக்கனுக்கு ஆசிரியர் கொடுக்கக்கூடிய இதைவிடப் பெரிய நற்சான்று எது?

மேரி எலன் றூடின் என்ற அம்மையாருடைய சாட்சியம் இருபுறமும் கூரானது. ஆகையால் அதைச் சற்று நின்று கேட்கவேண்டும். ரெக்சாஸ் மலைப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த பெண் அவர். பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பது என்ற தீர்மானமில்லாமல் வந்தார். பதிவு செய்யும் இடத்தில் கணித மேசையருகே கூட்டம் குறைவு, அங்கே போனார். மேசைக்குப் பின்னால் இருந்த முதியவர் அவரிடம் நெடுநேரம் பேச்சுக்கொடுத்தார். ‘ஆனால்’, ‘அல்லது’, ‘ஆகவே’ போன்ற சொற்களை அந்தப் பெண் சரியாகக் கையாளுகிறாளா என்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்புக்குப் போனால் அங்கே ஆசிரியராக அவரே நிற்கிறார்! அன்றுமுதல் 1949இல் கலாநிதிப் பட்டம் பெறும்வரை ஒவ்வொரு தவணையும் மூரிடமே அவர் படித்தார். பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்து உலகப்புகழ் பெற்று, 2013இற் காலமானார்.

எந்தக் கணக்கு வந்தாலும் என்னால் முடியும் என்ற உறுதியை மூரே தமக்குத் தந்தார் என்றும், அது முதுமைவரை தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் றூடின் அம்மையார் சொன்னார். ஆனால் தாம் ஏமாற்றப்பட்டதாகவும் அவர் உணர்ந்தார். கலாநிதிப் பட்டம் கைக்கு வந்தபோது, மற்றப் பட்டதாரிகள் சாதாரணமாகப் படித்திருந்த பலவற்றை அவர் படித்திருக்கவில்லை. பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும் பழக்கமும் இல்லை. தம்மை மூர் எப்போதும் காய்போல நகர்த்திக்கொண்டிருந்தார் என்பதைத் தாம் அறிந்தே இருந்ததாகவும், அதை வெறுத்ததாகவும் கூறினார். தம் ஆசிரியரின் முறையைத் தம் மாணாக்கரிடம் அவர் கையாளவில்லை. இன்னொன்றும் சொன்னார்: மூர் அவர்களுடைய வெற்றிக்கு ஒரு காரணம், தன்னம்பிக்கையும் போட்டி மனமும் இயல்பாகவே உள்ளவர்களை அவர் தெரிந்தெடுத்தது.

இந்தத் ‘தெரிந்தெடுத்தல்’ என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1950ஆம் ஆண்டுவரை ரெக்சாஸ் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்கு மூடிக்கிடந்தது. சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட சுவெற் என்பவர் தொடுத்த வழக்கில், அவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. அதன்பின் பட்டமேற் படிப்பு வகுப்புகளுக்குக் கறுப்பின மாணாக்கர் வரத்தொடங்கினர். சட்டம் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. பேராசிரியர் மூர் தம் வகுப்பறைக் கதவைத் திறக்கவில்லை.

1961ஆம் ஆண்டுக் கோடையில் விவியன் மலோன் மேயஸ் என்ற 29 வயதுப் பெண் ஓஸ்ரினுக்கு வந்தார். வேக்கோ என்ற ஊரவர். பதினாறு வயதிற் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் நோக்கிச் சேர்ந்தவர், அங்கே எவலின் போய்ட் கிரான்வில் என்ற கறுப்பினக் கணித ஆசிரியையிடம் படித்துக் கணிதத்தின்பால் திரும்பினார். பட்டமும் முதுமாணிப் பட்டமும் பெற்றுக் கல்லூரி ஒன்றிற் கணிதத் துறைக்குத் தலைவியாகவும் இருந்தார். மேலும் படிக்க விரும்பித் தம் சொந்த ஊரிலேயே உள்ள பேலர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்ற காரணத்தாலேயே பேலர் அவரை ஏற்க மறுத்தது. ஆகையால் ரெக்சாஸ் வந்தார். வகுப்பிற் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. பெண்ணும் அவர் ஒருவரே. பேராசிரியர் மூரின் வகுப்பிற் சேர விரும்பினார். கறுப்பினத்தவருக்குத் தாம் கற்பிப்பதில்லை என்பதே மூரின் நிலை. இன்னொரு கறுப்பின மாணாக்கரிடம், வகுப்புக்கு வரலாம், ஆனால் ‘சி’ தரத்தில் தொடங்கி அதிலிருந்து கீழேதான் போகமுடியும் என்று மூர் சொன்னதாகவும் பதிவு உண்டு.

அதோடு முடியவில்லை. பட்டமேற் படிப்பு மாணாக்கர் வழக்கமாகப் பெறும் உதவி ஆசிரியர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் மாலையில் ஒரு கோப்பிக் கடையிற் கூடிக் கணிதம் பேசுவார்கள். அந்தக் கடையிற் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. ஆகவே அந்தப் பேச்சிலும் அவருக்குப் பங்கில்லை. கணிதத்தில் தம் தனிமை முழுமையானது என்று அவர் பின்னாளில் எழுதினார்.

இங்கே ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும். மூர் தம் மாணாக்கரையும் தனிமைப்படுத்தினார். பேசாதே, படிக்காதே, தனித்து நின்று சிந்தி என்றார். அந்தத் தனிமை அவர்களைப் பலப்படுத்தியது. ஏன்? அறைக்குள்ளே ஓர் ஆசிரியர் அவர்களுக்காகக் காத்திருந்தார். உன்னால் முடியும் என்று நம்பியபடி காத்திருந்தார். விவியனின் தனிமை வெளியிலிருந்து பார்த்தால் அதே தனிமைதான். கேட்க ஆளில்லை, பேச ஆளில்லை. ஆனால் அங்கே காத்திருந்தவர் யாருமில்லை. ஒரு பிள்ளைக்கு விடை சொல்லாமல் இருப்பது கல்வியாகவும் இருக்கலாம், கைவிடுதலாகவும் இருக்கலாம். இரண்டிலும் ஆசிரியரின் வாய் மூடியே இருக்கிறது. அவர் மனத்தில் அந்தப் பிள்ளையைப்பற்றி என்ன இருக்கிறது என்பதே வேறுபாடு.

மூர் அவர்களுக்காகப் பேசுவோர் இரண்டு நியாயங்களைச் சொல்வதுண்டு. முதலாவது, அவர் தம் காலத்தின் பிள்ளை என்பது. உண்மைதான். அடிமைமுறையைக் காக்கப் போராடிய தென்மாநிலங்களின் பக்கம் நின்று போர்செய்தவர் அவருடைய தந்தையார். றொபேட் லீ என்பது அந்தப் படைகளின் பெருந்தளபதியின் பெயர். அப்படிப்பட்ட வீட்டில், அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது என்கிறார்கள்.

ஆனால் அதே காலத்தில், அதே தென்பகுதியில், லீ லோர்ச் என்ற வெள்ளையினக் கணிதப் பேராசிரியர் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். விவியனும் அவருடைய மாணவியருள் ஒருவர். தம் மகளைக் கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலையிற் சேர்க்க முயன்ற லோர்ச், அதன் விளைவாகத் தம் வேலையையே இழந்தார். ஓஸ்ரினில், மூர் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில், டொன் எட்மன்சன் என்ற பேராசிரியர் விவியனைத் தம் ஆய்வு மாணவியாக ஏற்று 1966இற் கலாநிதிப் பட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர்களும் அதே காலத்தின் பிள்ளைகள்தாம். 1961இல் சட்டம்கூட மூரின் பக்கம் இல்லை; தீர்ப்பு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலம் அவரை விட்டு நகர்ந்தது, அவர் நகரவில்லை. தம் மாணாக்கர் ஒருவரின் மாணாக்கர் விரிவுரை நிகழ்த்த வந்தபோது, பேசுபவர் கறுப்பினத்தவர் என்று கண்டு மூர் எழுந்து வெளியேறினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. கணித உலகில் அந்த இளைஞர் அவருக்குப் பேரப்பிள்ளை முறை.

இரண்டாவது நியாயம் சற்று நுட்பமானது. மனிதர் வேறு, முறை வேறு. அவருடைய குணம் எப்படியிருந்தாலும் அவருடைய முறை நல்லதே என்பது. இதில் உண்மை இல்லையென்று சொல்லமாட்டோம். நோயாளியான வைத்தியர் எழுதித்தரும் மருந்தும் நோயைத் தீர்க்கும். ஆனால் மூர் முறையின் முதற்படி என்னவென்று நினைத்துப் பார்க்கவேண்டும். கரும்பலகையில் எழுதுவதன்று முதற்படி. யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பதே முதற்படி. முன்னரே படித்தவர் வரலாகாது. போட்டி மனம் இல்லாதவர் நிலைக்கமாட்டார். பதிவு மேசையில் இரண்டு சொற்களைக் கேட்டே ஒரு பெண்ணின் திறமையை அவர் அளந்துவிட்டார். அந்தக் கண், அந்த அளவுகோல், முறையின் உள்ளே இருப்பது. அதே கண்தான் விவியனைப் பார்த்தது. அவர் எந்தச் சொல்லை எப்படிக் கையாளுகிறார் என்று கேட்கவே இல்லை.

எமக்கு மிக முரணாகத் தோன்றுவது இதுதான். ‘இது தெளிவானதுதானே’ என்று எவரையும் சொல்லவிடாதவர் மூர். கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் பெரியவர்கள் சொன்னார்கள் என்பதும் அவருடைய வகுப்பிற் செல்லா. நிறுவு, அல்லது உட்கார். ஐம்பது ஆண்டுக்காலம் அதையே கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர், ஓர் இனத்தைப்பற்றிய ஒரு கூற்றை மட்டும் நிறுவல் கேளாமலே ஏற்றுக்கொண்டார். வெண்கட்டியை ஒருதரம் விவியனின் கையிற் கொடுத்திருந்தால், அந்தக் கூற்றுச் சரியா பிழையா என்பது அவருடைய சொந்த விதிப்படியே வெளிப்பட்டிருக்கும். அதற்கு இடங்கொடாமல் இருப்பதற்காகவே கதவு மூடியிருந்தது போலும். அவருடைய குற்றம் கணிதத்துக்கு வெளியே நடந்த தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்கமுடியாதது இதனாலேயே. தம் தொழிலின் முதற்கட்டளையை அவர் தம் வாசலிலேயே மீறினார்.

அப்படியானால் அவரிடம் பெற்றவர்கள் என்ன செய்வது? பெற்ற அறிவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. றூடின் அம்மையார் தம் தன்னம்பிக்கையைக் கழற்றிவைக்க முடியாது, வைக்கவும் வேண்டியதில்லை. அவர் உறுதியை வைத்துக்கொண்டார், காய்நகர்த்தலை விட்டுவிட்டார். அது ஒரு வழி.

இன்னொரு வழியும் இருந்தது. அதைக் காண மூர் ரெக்சாஸ் வருவதற்கு முந்திய காலத்துக்குப் போகவேண்டும். அப்போது அவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்தார். அங்கே 1916இல் அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் மாணாக்கர் ஜோன் கிளைன். பிங் விடைகண்ட அந்தப் பெரிய வினாவுக்குக் கிளைனின் பெயரே வழங்குகிறது. கிளைன் அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1928இல் டட்லி வூடர்ட் என்பவர் அவருடைய மேற்பார்வையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1933இல் வில்லியம் கிளேற்றர் பெற்றார். அமெரிக்காவிற் கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இரண்டாவது, மூன்றாவது கறுப்பினத்தவர்கள் இவர்களே. மூரிடம் கற்றதை, மூர் ஒருபோதும் கொடுத்திராத கைகளிற் கிளைன் கொடுத்தார். விவியன் ஓஸ்ரின் வாசலில் நிற்பதற்கு 33 ஆண்டுகள் முன்னரே இது நடந்துவிட்டது. ‘காலத்தின் பிள்ளை’ என்பவர்கள் இதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

கிளேற்றர் பெரிய ஆய்வாளராக வரக்கூடியவர். 1934இல் அவர் எழுதிய கட்டுரை அத்துறையின் தலைசிறந்த ஏடு ஒன்றில் வெளிவந்தது. ஆனால் நிறத்தடை அவருக்குரிய ஆய்வு இடங்களை அவருக்குக் கிட்டாமற் செய்தது. 1937க்குப்பின் அவர் எழுதவில்லை. இடையில் மேற்கு வேர்ஜீனியாவில் கறுப்பின மாணாக்கருக்கான ஒரு கல்லூரியிற் சில ஆண்டுகள் படிப்பித்தார். வகுப்புக்குள் நுழையும்போதே சட்டைப்பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வாராம். அவருடைய வகுப்பில் கதரின் என்றொரு மாணவி இருந்தார். மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்று கண்டால், தமக்கு விளங்கிய கேள்வியையும் அவர்களுக்காக எழுந்து கேட்பாராம். நீ ஆய்வுக் கணிதவியலாளர் ஆகலாம், அதற்கு நான் உன்னை ஆயத்தப்படுத்துகிறேன் என்று கிளேற்றர் அவரிடம் சொன்னார். வாயாற் சொன்னதோடு நிற்கவில்லை. பகுப்புக் கேத்திரகணிதத்தில் அவருக்கென்றே ஒரு பாடநெறியை உண்டாக்கினார். அந்த வகுப்பிற் சில வேளை மாணவி அவர் ஒருவரே. பலர் நீ இப்படி ஆகலாம் என்று சொல்வார்கள், ஆகும் வழியைக் காட்டித் துணைவந்தவர் கிளேற்றர் என்று கதரின் முதுமையில் நினைவுகூர்ந்தார். இவரே அமெரிக்க விண்வெளி நிறுவனத்திற் பணியாற்றிய கதரின் ஜோன்சன். 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், இயந்திரம் போட்ட கணக்கை இவர் கையாற் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று கேட்டது இவரைத்தான். 2020இல், 101 வயதில், காலமானார்.

மூர், கிளைன், கிளேற்றர், கதரின். ஆசிரிய வழிமுறை என்று பார்த்தால் நேர்கோடு. அந்தக் கோட்டின் தொடக்கத்தில் நின்றவர், தம் வழியில் வந்த அந்தக் கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கமாட்டார். விதைத்தவருக்கே விளைச்சலில் உரிமை என்று சொல்வதுண்டு. இங்கே விளைச்சலைக் கண்டிருந்தால் விதைத்தவர் முகத்தைத் திருப்பியிருப்பார். ஆகையாற்போலும், பெறுகிறவர்களுடைய மனச்சான்றுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

மூர் 1974இற் காலமானார். பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கிநின்றது. கறுப்பின மாணாக்கரும் தம் வகுப்புகளுக்கு அந்தப் பெயரின் கீழேதான் நுழையவேண்டியிருந்தது. 2020 யூலை மாதத்தில், மாணாக்கர் பலருடைய வேண்டுகோளையடுத்து, பல்கலைக்கழகம் அந்தப் பெயரை நீக்கிப் பௌதிக, கணித, வானியல் கட்டடம் என்று மாற்றியது. சிலர் வருந்தினார்கள். சுவரிலிருந்து பெயரை எடுப்பதனால் பழையது மாறிவிடுமா என்று கேட்டார்கள். மாறாதுதான். ஆனால் கட்டடத்துக்குச் சூட்டும் பெயர் பழையதைப் பதிவுசெய்யும் குறிப்பன்று. அது ஒரு மரியாதை. மரியாதை கொடுப்பவர் யார் யார் என்ற கேள்வி எழும்போது, வாசலில் நின்றவர்களையும் கேட்கவேண்டி வருகிறது. மூர் முறையோ, அமெரிக்காவின் பல வகுப்பறைகளில் இன்னமும் வாழ்கிறது. மாணாக்கர் கூடிப்பேச அனுமதித்தும், கடுமையைக் குறைத்தும், பல ஆசிரியர்கள் அதைத் தத்தமக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள்.

விவியன் அம்மையாரின் கதையில் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. கறுப்பினப் பெண்ணாக இருந்துகொண்டு கலாநிதிப் பட்டம்வரை தாக்குப்பிடிப்பதற்கு, அளவுகடந்த நம்பிக்கை கல்வியின்மீது வேண்டியிருந்தது என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் பிஸ்கில் இருந்த ஆசிரியர்கள். 1966இற் பட்டம் பெற்றதும் அவர் தம் ஊரான வேக்கோவுக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டுகளுக்குமுன் அவரை மாணவியாக ஏற்க மறுத்த பேலர் பல்கலைக்கழகம், அதே ஆண்டில் அவரைக் கணித ஆசிரியையாக நியமித்தது. அதன் ஆசிரியர் குழுவில் முதற் கறுப்பினத்தவர் அவரே. 1971இல் பேலர் மாணாக்கர் பேரவை அவரை அவ்வாண்டின் சிறந்த ஆசிரியராகத் தெரிந்தெடுத்தது.